அபராதச் சீட்டுக்கு லத்தி எதற்கு?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு இருபத்தொரு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது வாகனத் தணிக்கையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஹெல்மெட் இல்லை. வண்டி முழுதாக நிற்பதற்குள் ஒருவர் சாவியைப் பிடுங்கிவிட்டார். "சார், அபராதம் எவ்வளவோ போடுங்கள், சாவியை மட்டும் கொடுங்கள்" என்று பையன் சொல்லியிருக்கிறான். "எனக்கே சட்டம் சொல்கிறாயா?" என்று தொடையில் இரண்டு, முழங்கையில் ஒன்று என லத்தி அடி விழுந்திருக்கிறது. அரை மணி நேரம் நிற்கவைத்து, சீட்டு எதுவும் தராமல் அனுப்பிவிட்டார்கள். "அப்படி அடிக்கப் போலீசுக்கு உரிமை உண்டா? புகார் கொடுத்தால் பையன் மேலேயே கேஸ் போட்டுவிடுவார்களா? ஹெல்மெட் போடாதது நம் தப்புதானே, விட்டுவிடு என்கிறார் அவன் அப்பா" என்று அவர் எழுதியிருக்கிறார்.

அம்மா, முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. ஈரோடு, பெருந்துறை, பவானி நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடத்தி வருகிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பாதிப் பேர் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதையே சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். ஆகவே அவருடைய பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹெல்மெட் போடாதது தப்புதான். அதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளும் நடத்துகிறவன் என்பதால், தலையில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளின் தாய்மார்களை நேரில் பார்த்திருக்கிறேன். தணிக்கை கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தப்புக்கு என்ன தண்டனை என்பதை நாடாளுமன்றம் எழுதி வைத்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட இந்த அபராதம் 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மகன் செய்த குற்றத்துக்குச் சட்டம் கேட்கும் விலை அவ்வளவுதான். தொடையில் விழுந்த இரண்டு அடி எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை. அதை அடித்தவர் தன் கையாலேயே சேர்த்திருக்கிறார். அபராதம் விதிக்காமல் அடித்து அனுப்பியதன் பொருள், சட்டம் சொன்ன தண்டனையை விட்டுவிட்டுச் சட்டத்தில் இல்லாத தண்டனையைக் கொடுத்தார் என்பதுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "போலீஸ் என்றால் நாலு அடி அடிக்கத்தான் செய்வார்கள்" என்ற எண்ணம் நம் ஊரில் அடி வாங்கியவர் மனதிலும் ஊறிக் கிடக்கிறது.

காவலர் கையில் லத்தி எந்தச் சட்டத்தின் பலத்தில் இருக்கிறது? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. அதன் 148ஆவது பிரிவு சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது பற்றியது. அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடியிருக்க வேண்டும். கலைந்து போகுமாறு முதலில் உத்தரவிட வேண்டும். அதன் பிறகும் கலையாவிட்டால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம். அந்தச் சமயத்திலும் தலையையும் கழுத்தெலும்பையும் தவிர்க்க வேண்டும், சதைப்பற்றுள்ள இடத்தில்தான் அடி விழ வேண்டும் என்று காவலர்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். கலவரக் கூட்டத்துக்கே இத்தனை வரம்பு. ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வரும் இரண்டு பையன்கள் எந்த வகையில் சட்டவிரோதக் கூட்டம் ஆவார்கள்?

பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரும் இன்னொரு சந்தர்ப்பம் கைது. கைதாக வேண்டியவர் வலுக்கட்டாயமாக எதிர்த்தாலோ தப்பி ஓட முயன்றாலோ, கைது செய்யத் தேவையான வழிகளைக் கையாளலாம் என்கிறது அதே சட்டத்தின் 43ஆவது பிரிவு. தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் ஒரு துளியும் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46ஆவது பிரிவு. சரி, ஹெல்மெட் போடாதவரைக் கைது செய்ய முடியுமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 202ஆவது பிரிவைப் பாருங்கள். தன் கண்ணெதிரே நடக்கும் ஆபத்தான ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், உரியவர் அனுமதியில்லாமல் வண்டியை எடுத்துச் செல்லுதல் ஆகிய மூன்றுக்குத்தான் சீருடையில் இருக்கும் காவலர் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் விடுவிக்க வேண்டும். மற்றக் குற்றங்களுக்குப் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தால் மட்டும் கைது செய்யலாம்.

இந்தக் கடைசி வரியை உங்கள் மகனிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். நிறுத்தினால் பெயரையும் ஊரையும் உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ஹெல்மெட், சீட் பெல்ட், மூன்று பேர் பயணம் போன்றவற்றுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவனைக் கைது செய்ய வழி இல்லை. கைது செய்ய வழி இல்லாத இடத்தில் கைதுக்கான பலத்துக்கும் வழி இல்லை. மிச்சமிருப்பது தற்காப்பு உரிமை ஒன்றுதான். அது உங்களுக்கும் எனக்கும் இருப்பது போலவே காவலருக்கும் இருக்கிறது. அவர் மீது ஒருவர் கை ஓங்கினால் அவர் தடுக்கலாம். சாவியைக் கொடுங்கள் என்று கேட்பது கை ஓங்குவது ஆகாது.

சாவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவுச் சான்றோ, உரிய லைசென்ஸோ, தேவையான பர்மிட்டோ இல்லாமல் ஓடும் வண்டியைக் கைப்பற்றி வைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 207ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. லைசென்ஸைக் காட்டச் சொல்ல 130ஆவது பிரிவில் சீருடையணிந்த எந்தக் காவலருக்கும் அதிகாரம் உண்டு. ஓடும் வண்டியில் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கலாம் என்று எங்கும் எழுதியில்லை. இது வெறும் அவமரியாதையோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஓடும் இரு சக்கர வண்டியில் திடீரென்று ஒரு கை நுழைந்தால் ஓட்டுபவர் நிலைகுலைவார், பின்னால் வரும் லாரி நிற்காது. 2025 மே மாதம் கர்நாடகத்தின் மண்டியாவில், நாய் கடித்த மூன்று வயதுக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பெற்றோரின் வண்டியைப் போக்குவரத்துக் காவலர்கள் மறித்தார்கள். வண்டி சாய்ந்து குழந்தை சாலையில் விழுந்தது. பின்னால் வந்த வாகனம் ஏறி அங்கேயே உயிர் போய்விட்டது. மூன்று உதவி எஸ்.ஐ.க்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடியில் ஹெல்மெட் தணிக்கையில் நிற்காமல் சென்ற வண்டியை விரட்டிப் போய் ஓர் ஆய்வாளர் எட்டி உதைத்ததாக வழக்கு. பின்னால் அமர்ந்திருந்த பெண் இறந்துபோனார். இரண்டு இடத்திலும் தொடக்கம் 1,000 ரூபாய்கூடப் பெறாத ஒரு விதிமீறல்.

நம் பகுதியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜூன், கொரோனா ஊரடங்கு. தொற்று அதிகமிருந்த மேற்கு மாவட்டங்களில் டாஸ்மாக் கடைகள் மூடிக் கிடந்தன. சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்க்காரர்கள் மலைப்பாதை வழியாகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். அப்படித் திரும்பி வந்த மூவரைப் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வாய்த் தகராறு. ஒரு சிறப்பு எஸ்.ஐ. லத்தியால் அடித்தார். அடி வாங்கியவர் கீழே விழுந்தார். ஒவ்வொரு மருத்துவமனையாக மாற்றி, சேலம் அரசு மருத்துவமனையில் மறுநாள் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் கெஞ்சுவதும் அடி விழுவதும் கைபேசிப் படத்தில் இருந்தன. அதை மாநிலமே பார்த்தது. அந்த எஸ்.ஐ. பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னை உலுக்கியது அடி மட்டுமல்ல. அடிப்பவரிடம் பதற்றம் எதுவும் இல்லை. யாரும் அவரைத் தாக்க வரவில்லை. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டு ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அதன் பிறகும் பகல் வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க, ஒரு சாலையோரத்தில் இதைச் செய்ய ஒருவருக்குக் கை வந்தது. இதைச் செய்தால் ஒன்றும் ஆகாது என்று அவருக்கு அத்தனை காலம் யாரெல்லாம் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்! அவருக்கு முன் அடித்தவர்கள், பார்த்தும் பேசாமல் இருந்த மேலதிகாரிகள், "விட்டுவிடு" என்று சொல்லிய நம் வீடுகள் எல்லாம் சேர்ந்துதான் கற்றுக் கொடுத்தோம்.

அமெரிக்காவில் சாலையில் நிறுத்தும்போது நடக்கும் சாவுகளை இங்குள்ளவர்கள் உதாரணம் காட்டி, "போலீசுக்கும் உயிர்ப் பயம் உண்டு" என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே வண்டியில் துப்பாக்கி இருக்கலாம் என்ற பயம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உண்டு. 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரைப் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதை அவரே முன்கூட்டிச் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். அந்தப் பயம் எவ்வளவு நியாயம் என்பதை அவர்கள் நாட்டில் பேசிக்கொள்ளட்டும். அவிநாசிச் சாலையிலோ பல்லடம் பிரிவிலோ பனியன் கம்பெனிப் பையனை நிறுத்தும் காவலருக்கு அப்படி எந்தப் பயமும் கிடையாது. இங்கே லத்தி விழுவது "நீ என்னிடம் எதிர்த்துப் பேசினாய்" என்பதற்காக. பயத்துக்குப் பயிற்சி கொடுத்துக் குறைக்கலாம். இதற்கு வேறு மருந்து வேண்டும்.

அந்த எதிர்ப்பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு மரியாதைச் சொல் பேச்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வரும். பால்காரரிடமும் "வாங்க", பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமும் "சாப்பிட்டீங்களா". அப்படி வளர்ந்த ஒருவனை நடுச்சாலையில் "டேய், ஓரம் கட்டுடா" என்று அழைத்த மாத்திரத்தில் அவன் உடம்பு நிமிர்கிறது. அந்த நிமிர்வைக் காவலர் திமிர் என்று படிக்கிறார். அடுத்தது சாவி, அதற்கடுத்தது சட்டைக் காலர், பிறகு லத்தி. என்னிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை இந்தப் படிகளில்தான் ஏறியிருக்கின்றன. முதல் படியில் "தம்பி, வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்று ஒரு சொல் இருந்திருந்தால் மற்றவை வந்திருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. அப்படிப் பேசும் காவலர்கள் நம் பகுதியில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் அபராதமும் வசூலாகிறது, தகராறும் இல்லை.

யார் மேல் லத்தி விழுகிறது என்பதும் தற்செயல் அல்ல. பெரிய காரில் வருபவரின் சாவியை யாரும் பிடுங்குவதில்லை. கண்ணாடி இறங்கும்வரை காத்திருப்பார்கள். விசைத்தறித் தொழிலாளி, கட்டட மேஸ்திரி, உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர், தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளி இவர்களுடைய வண்டிகளில்தான் கை நுழைகிறது. 2022 ஜூனில் கோவை அவிநாசிச் சாலையில் ஒரு போக்குவரத்துக் காவலர் உணவு விநியோக ஊழியரைக் கன்னத்தில் அறைந்த படம் நினைவிருக்கும். தறிகெட்டு ஓடிய பள்ளிப் பேருந்தை மறித்துக் கேள்வி கேட்டதுதான் அந்த ஊழியர் செய்தது. படம் பரவிய பிறகு அந்தக் காவலர் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றப்பட்டார். படம் இல்லாமல் போயிருந்தால் அந்த ஊழியரும் உங்கள் மகனைப் போலக் கன்னத்தைத் தடவிக்கொண்டு அடுத்த ஆர்டரை எடுக்கப் போயிருப்பார்.

காவலர்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். வெயிலிலும் புகையிலும் நிற்கிறார்கள். மாதக் கணக்குக்குக் கேஸ் காட்டச் சொல்லி மேலிருந்து நெருக்கடி வருவதாக எனக்குத் தெரிந்த ஏட்டுகள் வருத்தப்படுகிறார்கள். வண்டியை நிறுத்தும் வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு. 2021 நவம்பரில் கரூர் புறவழிச்சாலையில் வாகனத் தணிக்கையில் நின்ற மோட்டார் வாகன ஆய்வாளர் வேன் மோதி இறந்தார். ஓடும் வண்டிக்கு முன் மனித உடம்பை நிறுத்தித் தணிக்கை செய்யும் முறை, நிறுத்துபவரையும் கொல்கிறது, நிற்பவரையும் கொல்கிறது. வாளையார் தாண்டினால் வரும் கேரளத்தில், உயர் நீதிமன்றம் 2019 நவம்பரிலேயே, ஹெல்மெட் போடாதவரைச் சாலையின் நடுவே பாய்ந்து மறிக்கவோ விரட்டவோ கூடாது, கேமராவில் வண்டி எண்ணைப் பதிந்து நடவடிக்கை எடுங்கள் என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கு வழி இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 136ஏ பிரிவும், 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியும் வேகக் கேமரா, எண் பலகையைப் படிக்கும் கேமரா, காவலர் உடலில் அணியும் கேமரா ஆகியவற்றைக் கொண்டு வழக்குப் பதியச் சொல்கின்றன. வண்டி எண்ணைப் படம் எடுத்தால் அபராதம் வீட்டுக்கே வந்துவிடும். நிற்காமல் போனவனை விரட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம், கொலைகாரனையோ திருடனையோ தேடும்போது உண்டு, ஹெல்மெட்டுக்கு இல்லை.

இனி உங்கள் மகன் விஷயம். இன்று ஞாயிற்றுக்கிழமை. அடி விழுந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று குடும்பம் நாளை பேசிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு இன்றே போய்விடுங்கள். தனியார் டாக்டர் வேண்டாம், அரசு மருத்துவமனைக்கே போங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில், நம் ஊர்ப் பேச்சில் ஏ.ஆர். என்பதில், டாக்டர் எழுதுவார். எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் பயத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை வழக்குகள் செத்திருக்கின்றன என்று எனக்குத்தான் தெரியும். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில், சீருடையில் இருந்த காவலர் லத்தியால் அடித்தார் என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். முழங்கைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்பில் விரிசல் இருந்தால் அது சாதாரணக் காயம் அல்ல. சட்டத்தில் கொடுங்காயம், தண்டனையும் வேறு. ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காயங்களைப் படம் எடுங்கள், படத்தில் அவன் முகமும் தெரியட்டும்.

வண்டி நின்ற இடத்தில் பெட்ரோல் பங்க், பேக்கரி, மில் கேட் ஏதாவது இருந்ததா என்று அந்த நண்பனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய காட்சிகள் அழிந்துவிடும். யாராவது கைபேசியில் எடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள். மூலப் படம் எடுத்த கைபேசியிலேயே அழியாமல் இருக்க வேண்டும், நீதிமன்றம் கேட்பது அதைத்தான்.

பிறகு மனு. சம்பவம் நடந்த காவல் நிலையத்திலேயே போய் நிற்க வேண்டும் என்பதில்லை. இடம் திருப்பூர் மாநகர எல்லைக்குள் வந்தால் மாநகரக் காவல் ஆணையர். வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாளை திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கேயும் ஒரு நகலைக் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். அடித்தவர் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். அந்த இரவில் அந்த இடத்தில் யார் யார் பணியில் இருந்தார்கள் என்பது நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் அதைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் எழுதிவிட வேண்டும், அந்தக் கெடு தாண்டினால் அவர்கள் விசாரிக்க முடியாது. ஆணையத்தின் உறுப்பினர்கள் கோவைக்கு வந்து விசாரணை நடத்துவதும் உண்டு, அதனால் ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு அலைய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். முன்பெல்லாம் ஆணையம் பரிந்துரைத்தாலும் அரசு கிடப்பில் போட்டுவிடும் என்ற குறை இருந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. தவறு செய்த காவலரின் சம்பளத்திலிருந்தே இழப்பீட்டைப் பிடித்தம் செய்யச் சொல்லும் உத்தரவுகள் வருகின்றன. அடித்த கைக்கு உண்மையாக உறைப்பது அதுதான்.

இப்போது நீங்கள் பயப்படும் எதிர் வழக்கு. மறைக்காமல் சொல்கிறேன், அது வரலாம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆவது பிரிவில் வழக்குப் போட்டு, "நீ வாபஸ் வாங்கு, நாங்களும் விடுகிறோம்" என்று பேரம் பேசுவது பழைய வழக்கம். அதற்கு எதிரான காப்பு தேதிதான். வெள்ளிக்கிழமை இரவே உங்கள் மகன் காவலரைத் தாக்கியிருந்தால் அன்றே அவனை ஏன் அனுப்பினார்கள்? ஏன் வண்டியையும் விட்டார்கள்? உங்கள் ஏ.ஆர். ஞாயிற்றுக்கிழமையும், மனு திங்கட்கிழமையும், அவர்களுடைய வழக்கு அதற்குப் பிறகும் என்றால், எந்த நீதிபதியும் அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் படிப்பார். தாமதிக்கத் தாமதிக்க இந்தக் காப்பு கரைந்துபோகும். அதனால்தான் இன்றே என்று அழுத்திச் சொல்கிறேன்.

நிலையத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டால் பையனைத் தனியாக அனுப்பாதீர்கள். எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்கள் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு, ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. ஆக, நீங்களும் கேட்கலாம், உங்கள் மகனும் கேட்கலாம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் லட்சக்கணக்கானவர்களுக்கு இது தெரியாமலே இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அடுத்த முறை நிறுத்தினால் என்ன செய்வது என்றும் கேட்பான். கைகாட்டினால் நிற்க வேண்டும். காவலர் கையைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது. எஞ்சினை அவனே அணைத்துச் சாவியைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளட்டும், பிடுங்குவதற்கு எதுவும் இருக்காது. லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், சட்டப்படி செல்லும். சீருடையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். நண்பன் சற்றுத் தள்ளி நின்று படம் எடுக்கலாம், பொதுச் சாலையில் அதற்குத் தடை இல்லை. காவலர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டக் கூடாது. சட்டப் பிரிவுகளை அங்கே நின்று ஒப்பிக்க வேண்டாம். "அபராதம் போடுங்கள், சீட்டுக் கொடுங்கள்" என்பது போதும். அடி விழுந்தாலும் தடுப்பதற்கு மேல் கை நீளக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். தப்பு நம்முடையது என்கிறாரே, அதையும் தீர்த்துவிடலாம். ஹெல்மெட்டுக்கான 1,000 ரூபாய் அபராதத்தை எப்போது விதித்தாலும் கட்டத் தயார் என்று மனுவின் கடைசி வரியில் அவன் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள். கட்டினால் ரசீதை ஏ.ஆர். நகலோடு சேர்த்துக் கோர்த்து வையுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள்.